ஸ்கிப் பண்ணிடாதீங்க... இது சுரங்கத்து வீட்டுக் குரல்!

முதல் தடவை கேட்கும்போது, 'இந்தம்மா ஏன் இப்படி மூக்கால பாடுறாங்க?'ன்னுதான் தோணும். கரகரப்பான, மெருகே இல்லாத குரல். விரல் தானாகவே ஸ்கிப் பட்டனுக்குப் போகும். ஒரு நிமிஷம் பொறுங்க.

பாடுவது ஹேசல் டிக்கன்ஸ். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த குடும்பம். மொத்தம் 11 பிள்ளைகள். பிழைப்புக்காக பால்டிமோர் நகரத்துக்குப் போய், ஃபேக்டரிகளில் வேலை பார்த்தார்.

அவர் பாடியது ப்ளூகிராஸ். பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிட்டார் எல்லாம் இருக்கும். டிரம்ஸ் பெரும்பாலும் இருக்காது. இந்த இசைக்குப் பெயர் கொடுத்ததே பில் மன்ரோவின் 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' குழுதான். ஆமா, பேரிலேயே 'பாய்ஸ்'! பெண்கள் முன்னால் நின்று பாடுவது அபூர்வமாக இருந்த காலத்தில், 1965-ல் ஆலிஸ் ஜெரார்டுடன் சேர்ந்து ஆல்பம் போட்டார் ஹேசல்.

தனியாக ஒரு ஆல்பம் வர 1980-களின் தொடக்கம் ஆகிவிட்டது. 'ஹார்ட் ஹிட்டிங் சாங்ஸ் ஃபார் ஹார்ட் ஹிட் பீப்பிள்' - அடிபட்டவங்களுக்காக, ஓங்கி அடிக்கிற பாட்டுகள்.

சும்மா வைத்த தலைப்பு இல்லை. ஹேசலின் அண்ணன் தர்மன் சுரங்கத் தொழிலாளி. 'பிளாக் லங்' நோயில் இறந்தார். வருஷக்கணக்கில் சுவாசிக்கிற நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து, அது இறுகி, கடைசியில் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். படிந்த தூசியை வெளியே எடுக்க வழியில்லை. அந்த மரணத்தைப் பற்றி முன்பே தனியாக ஒரு பாட்டு எழுதியிருந்தார் ஹேசல். அந்தக் கோபம் இந்த ஆல்பத்திலும் ஆறவில்லை.

இதில் உள்ள 'தே வில் நெவர் கீப் அஸ் டவுன்' பாட்டு, கென்டக்கி சுரங்க ஸ்டிரைக்கைப் பதிவு செய்த 'ஹார்லன் கவுன்ட்டி யுஎஸ்ஏ' ஆவணப்படத்தில் ஏற்கெனவே ஒலித்தது. பார்பரா கோப்பிள் இயக்கிய அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது.

என்னைக் கேட்டால், 'அராகன் மில்'லில் இருந்து ஆரம்பிக்கலாம். சை கான் எழுதியது. மில்லை மூடிய பிறகு ஒரு ஊர் எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பதுதான் பாட்டு. இதையே ஒரு இனிமையான குரல் பாடியிருந்தால் தாலாட்டு மாதிரி ஆகியிருக்கும். ஹேசல் பாடும்போது, வேலை போன வீட்டு வாசலில் நின்று யாரோ நம்மிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது. ராத்திரியில், ஹெட்போன் மாட்டிக் கேளுங்க.