பழைய மின்விசிறியும் மூன்றாவது கம்பியும்

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்ட வீட்டில், பழைய பங்களாவிலிருந்து வந்த மேசை விசிறி ஒன்றைக் கண்டோம். இரும்பு உடல், பித்தளை இறக்கை. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள், நன்றாகவே ஓடியது. உடலைத் தொட்டால் மட்டும் கை சுருக்கென்றது!

அக்கால வயர்களுக்கு ரப்பரும் துணியும்தான் உறை. நம் பாட்டன்மார் சீவிய பால்மரத்து ரப்பராகவும் இருக்கலாம். வயதானால் அது வெடித்து உதிரும். உள்ளிருக்கும் செம்புக்கம்பி இரும்பைத் தொட்டால் உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும் பிள்ளை அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றுவோம். உரிமம் பெற்ற வயர்மேனிடம் கொடுத்து, உள்ளும் புறமும் வயரை மாற்றச் சொல்வோம். புது வயரில் மூன்று கம்பிகள் இருக்க வேண்டும். பச்சை மஞ்சள் நிறக் கம்பியை இரும்பு உடலோடு இணைப்பார். கசியும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போகும். மெயின் சுவிட்சும் தானே விழும். சுவர்ப் பிளக்கிலும் அந்த இணைப்பு உண்டா என்று அவரே சோதிக்கட்டும். தகட்டில் 110 வோல்ட் என்றிருந்தால், நமது 230 வோல்ட்டில் சுருள் கருகிவிடும்.

மற்றவை நம் கைவேலை. இறக்கையைக் கழற்றிப் புளியால் தேய்க்கலாம். வளைந்தால் விசிறி ஆட்டம் போடும். அச்சில் பிசினாக உறைந்த எண்ணெயைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், அதுவும் பிசினாகும். கூண்டின் இடைவெளி அகலமானது, சிறுவர் விரல் புகும்.

அந்த வீட்டு விசிறி இப்போது அலமாரியின் மேலிருந்து காற்று வீசுகிறது.