வீட்டைக் கூட்டிக் கட்டப் போகிறீர்களா? சற்று நில்லுங்கள்!

தோட்டத்து லயத்தை விட்டுக் கிளம்பி, கிள்ளான் பக்கம் ஒரு தாமானில் சொந்த வீடு வாங்கிவிட்டீர்கள். பல ஆண்டு உழைப்பும், சேமநிதிப் பணமும், பிள்ளைகளின் சம்பளமும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. இப்போது மகனுக்குக் கல்யாணம். அறை போதவில்லை. "பின்புறத்தை அடைத்து அடுப்படியை அங்கே தள்ளிவிட்டால் என்ன?" என்று தோன்றுகிறது. தெரிந்த காண்டிராக்டர் ஒருவரும், "பிளானும் வேண்டாம், பெர்மிட்டும் வேண்டாம். இரண்டே வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார்.

வாசகர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நெருப்பு கற்பித்த பாடம்

வீடு கட்ட எதற்கு விதி என்று கேட்கலாம். 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் தீயும், பிறகு வெள்ளமும் அழித்தன. அன்றைய வீடுகள் மரமும் அத்தாப்புக் கூரையுமாக நெருங்கிக் கிடந்தவை. அதன்பின் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார். அதற்குக் கல் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் இன்று நம்மவர் நிறைந்திருக்கும் பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது, பாருங்கள்!

தோட்டங்களிலும் அப்படித்தான். காற்றில்லாத இருட்டு லயங்களில் நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமா? தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966-இல் சட்டம் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. பட்டணத்து வீடுகளுக்கு 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும், அதன் கீழ் 1984-இல் வந்த சீரான கட்டட விதிகளும் உள்ளன.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன?

வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டாவது அறை 9.3, மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டர். படுக்கை அறையின் உயரம் குறைந்தது இரண்டரை மீட்டர்.

சன்னலுக்கும் கணக்கு உண்டு. தரைப் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சன்னல் இருக்க வேண்டும். அதில் ஐந்து பங்கு தடையின்றிக் காற்று வரும்படி திறக்க வேண்டும். பத்துக்குப் பத்தடி அறை என்றால் பத்துச் சதுர அடிச் சன்னல். காற்றோட்டமில்லாத அறையில் காசநோய் எளிதாகத் தொற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

நம்மில் பலர் தவறுவது எங்கே தெரியுமா? பின்புறத்தை முழுதும் அடைத்ததும், பழைய படுக்கை அறையின் சன்னல் புது அடுப்படிக்குள் திறக்கிறது. வெளிக்காற்று போய்விட்டது, தாளிக்கும் புகைதான் வருகிறது. ஓர் அறையைக் கூட்டப் போய், இருந்த அறையைக் கெடுத்துக்கொள்கிறோம்! ஊர்ப் பக்கத்து வீடுகளில் முற்றம் விட்டார்களே, அது இதற்காகத்தான். புது அடுப்படிக்கும் பழைய அறைக்கும் நடுவே வானம் தெரிய ஒரு துண்டு இடம் விடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் போக அதற்கு ஒரு வடிகாலும் வேண்டும்.

தப்பும் வழியை அடைக்காதீர்கள்

வீட்டுக்குப் பின்னாலுள்ள சந்து உங்கள் நிலமல்ல. சாக்கடையைத் துப்புரவு செய்யவும், ஆபத்தில் ஓடவும் எல்லாருக்கும் பொதுவான வழி அது. வரிசை வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர். முன்னால் தீப்பற்றினால் பின்கதவு ஒன்றுதான் கதி. கள்ளனுக்குப் பயந்து கம்பி போடுவது சரிதான். ஆனால் அறைக்கு ஒரு கம்பிச் சன்னலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். அதன் சாவி இருக்கும் இடம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

நடுச்சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல, அண்டை வீட்டாருக்கும் அதுதான் சுவர். கேட்காமல் இடித்தால் அவர் வீடும் விரிசல் காணும்.

என்ன செய்ய வேண்டும்?

கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திலும், கிள்ளானில் அரச மாநகர் மன்றத்திலும் கட்டடப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேளுங்கள். பதிவு பெற்றவரிடம் பிளான் வரைந்து, எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகே கல் எடுத்து வையுங்கள். அனுமதியில்லாமல் கட்டினால் அபராதம் வரலாம்; இடிக்கும் உத்தரவும் வரலாம். அப்போது கட்டிய காசும் போய், இடிக்கும் காசும் உங்கள் தலையில்தான்.

பிளானுக்குச் செலவாகிறதே என்று தயங்காதீர்கள். காண்டிராக்டர் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் தூங்கப் போவது உங்கள் பேரப்பிள்ளைகள் அல்லவா?