எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் ஈஸ்டர் தேர் என்றால் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் லீவு கிடைத்தால் வந்து சேருவார்கள். லீவு முடிந்தால் மறுபடி திருச்சி விமான நிலையம். அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கு 'மெடிக்கல்' என்ற வார்த்தை தெரியாமல் இராது. "தம்பிக்கு மெடிக்கல் ஆயிடுச்சா அக்கா?" என்று கிணற்றடியிலேயே விசாரணை நடக்கும்.

அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்குப் பதினெட்டு வயதில் க்ஷயரோகம். ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் மருந்து, பூரண குணம். சில வருஷம் கழித்து வளைகுடா நாட்டில் வேலை வருகிறது. தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. ஏஜெண்டிடம் பணம் கட்டியாகிறது. அப்புறம் மெடிக்கல். 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுகிறார்கள்! இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. நுரையீரலின் உச்சியில் சின்னத் தழும்பு ஒன்று எக்ஸ்ரேயில் தெரிகிறது. அவ்வளவுதான்.

குணமான வியாதிக்குத் தண்டனையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கிருமி செத்தாலும் அது அரித்த இடம் ஆறித் தழும்பாகிறது; சில சமயம் சுண்ணாம்பு படிந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடுகிறது. அது நெருப்பா, அணைந்த சாம்பலா என்று ஒரே ஒரு படத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டருக்கும் கஷ்டம்.

இங்கேதான் தேசத்துக்குத் தேசம் வித்தியாசம். சவூதி, குவைத், கத்தார் முதலிய ஆறு வளைகுடா நாடுகளின் பொது விதி, வேலைக்குப் புதிதாக வருகிறவரின் பழைய தழும்பையும் தகுதியின்மை என்றே கணக்கிடுகிறது. அமெரிக்காவில் குடியேறப் போகிறவருக்கு அப்படியல்ல. சந்தேகம் வந்தால் மூன்று நாள் காலைச் சளியைச் சோதிக்கிறார்கள். கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வரை பார்க்கிறார்கள். வளரவில்லையென்றால் வழி விடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் பிரிட்டன் போகிறவர்களுக்கும் எக்ஸ்ரே உண்டு. சந்தேகமென்றால் சளிப் பரிசோதனையும் உண்டு. இந்த முறைதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

கடல் தாண்டுகிறவனைச் சந்தேகத்தோடு பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் பாதை திறந்தபின், தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி வைத்து, அம்மை குத்தித்தான் இலங்கை சர்க்கார் கப்பலேற்றியது. பிளேக்கும் காலராவும் மிரட்டிய காலம் அது.

க்ஷயத்துக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும், குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தின் சாதனை அது. ஆனாலும் நம் வீடுகளில் இந்த வியாதியை மறைக்கிறோம். வெட்கப்பட்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறோம். பிறகு விசாவுக்கு அந்தச் சீட்டுகளே தேவைப்படுகின்றன! சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே, 'சிகிச்சை முடிந்தது' என்ற சர்டிபிகேட் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பழைய படமும் புதுப் படமும் ஒரே மாதிரி இருந்தால், தழும்பு தூங்குகிறது என்று டாக்டர் துணிந்து சொல்ல முடியும்.

ரத்தப் பரிசோதனையிலும் இப்படிக் குழப்பம் உண்டு. மஞ்சட்காமாலை 'பி' வகைக்கு ஊசி போட்டுக்கொண்டவர் பயப்பட வேண்டாம். ஊசியால் வருவது எதிர்ப்புச் சக்தி, பரிசோதனையில் தேடுவது கிருமியின் மேலுறைப் பொருளை. மேகநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கோ ஒருவகைப் பரிசோதனை ஆயுள் முழுதும் 'பாஸிட்டிவ்' என்றே காட்டக்கூடும். சிகிச்சைச் சீட்டு அங்கேயும் வேண்டும்.

கணவரோடு புறப்படும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பமாயிருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் நுழையுமுன்பே சொல்லிவிடுங்கள். வயிற்றுக்கு ஈயக் கவசம் போடுவார்கள். சில நாடுகளுக்குப் பிரசவம் வரை தள்ளிப்போடவும் இடமுண்டு.

"தழும்பை மறைத்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு தரகர் வருவார். அங்கே போய் இறங்கியதும் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள் என்பதை அவர் சொல்லமாட்டார். க்ஷயம் வந்து போன பிள்ளையானால், ஏஜெண்டைப் பார்க்குமுன் பெரியாஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வளையல் அதுவரை கையிலேயே இருக்கட்டும்.