பயிற்சியாளராக என்ன படிக்கலாம்?

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தால். அந்த ஓட்டத்தை நாடே அறியும். பள்ளிப் பருவத்திலேயே அவரைக் கண்டெடுத்து உருவாக்கிய ஓ. எம். நம்பியாரை அறிந்தோர் சிலரே. விமானப்படையில் பணியாற்றிய அவர், பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் கல்வி கற்றவர். 1985இல் துரோணாச்சாரியார் விருது நிறுவப்பட்டபோது அதை முதலில் பெற்ற மூவருள் ஒருவர்.

பயிற்சி அளிப்பதும் முறையாகக் கற்க வேண்டிய தொழிலே. விளையாட்டில் நாட்டமுள்ள மகனோ மகளோ அத்துறையிலேயே படிக்க விரும்பினால், கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். இங்கே வழிகள் மூன்று. ஒரு வழியின் சான்றிதழ் மற்றொரு வழியின் பணிக்குப் பெரும்பாலும் செல்லாது.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர்க்கு பி.பி.எட். பட்டம் உண்டு. பட்டதாரிகளுக்கு அது இரண்டாண்டுப் படிப்பு. 1920இல் தொடங்கப்பட்டு, இன்று சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இதில் மூத்தது. குவாலியரில் உள்ள லட்சுமிபாய் தேசிய நிறுவனம் 1957இல் தோன்றியது.

ஒரே விளையாட்டில் வீரர்களை உருவாக்க எண்ணுவோர் பாட்டியாலாவின் பட்டயப் படிப்பை நாடலாம். பட்டத்துடன், போட்டிகளில் ஆடிய சான்றும் அங்கே எதிர்பார்க்கப்படும். ஆடாதவர்க்கு இவ்வழி கடினம் என்பதே நம் கருத்து.

மூன்றாவது, காயம்பட்டவரை மீண்டும் களத்துக்கு அனுப்பும் பணி. தொடைத்தசை கிழிந்தவர் எந்த நாளில் மறுபடி ஓடலாம், முழங்கால் அறுவைக்குப் பின் எவ்வளவு சுமை தூக்கலாம் என்பன இங்கே அன்றாடக் கேள்விகள். அவசரப்பட்டால் அதே இடத்தில் மீண்டும் காயம். தயங்கினால் ஒரு பருவமே வீண். அமெரிக்கக் கல்லூரிகள் 'அத்லெட்டிக் டிரெய்னிங்' என்று குறிப்பது இப்பணியையே. பெயரைக் கண்டு பயிற்சியாளர் படிப்பென்று மயங்கலாகாது. நம் நாட்டில் இது பெரிதும் பிசியோதெரபி எனும் இயன்முறை மருத்துவத்தின் வழியே அமைகிறது: முதலில் பி.பி.டி., பின்னர் விளையாட்டுப் பிரிவில் முதுநிலை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலாதவர்க்கு இக்கதவு பெரும்பாலும் திறவாது. ஆகவே பதினோராம் வகுப்பில் பாடம் தேரும்போதே இதை எண்ண வேண்டியிருக்கிறது.

வருவாயைப் பொறுத்தவரை மறைக்க ஒன்றுமில்லை. நிலையான அரசுப் பணியிடங்கள் குறைவு. கழகங்களிலும் தனியார் பயிற்சி மையங்களிலும் பல பணிகள் ஒப்பந்த அடிப்படையிலானவை. இயன்முறை மருத்துவர்க்கு மருத்துவமனையும் சொந்த மருத்துவகமும் துணையாக நிற்கும். பயிற்சியாளர்க்கு அத்தகைய மாற்று இல்லை. கடனை அளவோடு பெறுவதே நன்று.

ஏற்பு பெற்ற பட்டப் படிப்புகளுக்குப் பொதுவாக ரூ. 7.5 லட்சம் வரை பிணையச் சொத்தின்றிக் கல்விக் கடன் கிடைக்கும். சில வாரப் பயிற்சிச் சான்றிதழ்கள் பெரும்பாலும் இதில் அடங்கா. படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதை மட்டுமேனும் மாதந்தோறும் செலுத்திவந்தால் பின்வரும் தவணை குறையும். பழைய வரிமுறையில் இருப்போர்க்கு, செலுத்திய வட்டிக்கு எட்டாண்டுகள் வரை கழிவும் உண்டு. சேர்க்கைக் கடிதத்துடனும் கட்டண விவரத்துடனும் வித்யா லட்சுமி இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்கலாம்.