மரத்தின் வயது சொல்லும் வளையங்கள்

மரப்பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் மெல்லிய திசு அடுக்கு உண்டு. மரத்தைப் பருக்க வைப்பது இதுதான். நீர் தாராளமாகக் கிடைக்கும் பருவத்தில் அகன்ற துளைகள் கொண்ட வெளிறிய கட்டை உருவாகிறது. வளர்ச்சி தளரும்போது உருவாவது நெருக்கமான, கருத்த கட்டை. இரண்டும் சேர்ந்தது ஒரு வளையம், அதாவது ஓர் ஆண்டு.

குளிர்நாட்டு மரங்களில் இந்தக் கணக்கு எளிது. தமிழ்நாட்டில் அப்படியில்லை, பல மரங்கள் ஆண்டின் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருப்பதால் வளையம் தெளிவாக விழாது. வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து ஓய்ந்து, பிறகு துளிர்க்கும் தேக்கு விதிவிலக்கு. மழை பொய்த்த ஆண்டில் அதன் வளையமும் பெரும்பாலும் குறுகிவிடும். கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களைக் கொண்டு, புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 500 ஆண்டுகளுக்கும் மேலான பருவமழை வரலாற்றை ஆராய்ந்துள்ளனர். இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. துளைக்கருவியால் பென்சில் பருமனில் ஒரு துண்டு எடுத்தாலே போதும்.

பனைக்கும் தென்னைக்கும் இப்படிப் பருக்க வைக்கும் கேம்பியமே கிடையாது. அவற்றின் தண்டில் வெளியே தெரியும் வரிகள் மட்டை விழுந்த தழும்புகள். வெட்டிப் பார்த்தாலும் உள்ளே வளையம் இருக்காது.