தருமச்சாலை திண்ணையில் ஒரு பள்ளிக்கூடம்

விருத்தாசலத்திலிருந்து கடலூர் செல்லும் ரயில் பாதையில் நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் அங்கே மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருபவர் யாராயினும் இலை போடுகிறார்கள். தைப்பூச ஜோதியும் ஊரறிந்தது. அடிகள் தொடங்கிய பாடசாலையைத்தான் பலர் அறியவில்லை.

அதன் பெயர் சன்மார்க்க போதினி. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சிறுவர் முதல் முதியவர் வரை எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியவர்களுக்குத் திருக்குறள் வகுப்பும் நடந்தது. பாடம் சொன்னவர் அடிகளின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழவரும் கூலியாட்களும் நரைத்த தலையோடு ஏடு பிடிப்பது எளிதான காரியமல்ல. திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்குக் கொடுக்க நெல்லோ காசோ வேண்டும். அதற்கு முன்னால் சாதி குறுக்கே நிற்கும்.

வடலூரில் சோறும் பாடமும் அடுத்தடுத்து இருந்தன. இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன். பசியாறியவன் உட்கார்ந்து கேட்பான்; பசித்தவனிடம் ஞானம் பேசுவது கொடுமை. காமராஜர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோது அரசும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டது.

பாடசாலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1874 சனவரியில் அடிகள் மேட்டுக்குப்பத்தில் மறைந்தபின் சோற்றுக்கு அரிசி கொடுக்க ஊர் ஊராக ஆள் இருந்தது. தினமும் வந்து உட்கார்ந்து எழுத்துச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! அரிசியை ஒருநாள் கொடுத்துவிட்டுப் போகலாம், பாடத்தை அப்படிக் கொடுக்க முடியாது. விட்ட இழையை எடுத்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1949-இல் சென்னை மாகாண முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய அவர், வடலூருக்கு வந்து தங்கி வள்ளலார் குருகுலப் பள்ளியை உருவாக்கினார். குழந்தைகளுக்கு வழி பிறந்தது.

முதியவர்களின் வகுப்புதான் இன்னும் பாக்கி. அதே ரயில் பாதையிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் அகல் விளக்கு வார்ப்பவர்கள், பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர்கள், சூளையில் அடுக்குபவர்கள் நடுவே கைநாட்டு வைப்பவர் ஒருவர் இருந்தாலும் அவருக்கும் எழுத்துச் சேர வேண்டும். 2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதைக் கடந்த எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. கற்பிப்பவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். ஊரிலேயே கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் தம்பி, தங்கைகளே, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து உங்கள் பெயரைக் கொடுங்கள்.