கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

2025 செப்டம்பர் 23 விடிவதற்குள் கொல்கத்தா மூழ்கிவிட்டது. சில மணி நேரத்தில் பாலிகஞ்ச் பகுதியில் மட்டும் 264 மில்லிமீட்டர் மழை. மின்சாரம் தாக்கி உயிர்கள் போன அந்த நாளில் கார்களைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. தண்ணீர் வடிந்த பிறகுதான் தெருவோரம் நின்ற வண்டிகளை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது இன்ஜினையும் சீட்டையும் வயரிங்கையும்தான். கியர்பாக்ஸ் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

ஆனால் தண்ணீர் அதற்குள்ளும் போகும். கியர்பாக்ஸின் மேல்பக்கம் காற்று போய்வர ஒரு சின்னத் துவாரம் உண்டு. மெக்கானிக்குகள் பிரீதர் என்பார்கள். ஓடிச் சூடேறிய வண்டி முழங்கால் அளவு நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, பிரீதர் வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். பிளக்கைக் கழற்றினால் தேன் நிறத்தில் வரவேண்டிய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வழியும். அப்படி வழிந்தால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடிய ஆயில் என்ற கணக்கெல்லாம் வேண்டியதில்லை. அன்றைக்கே மாற்ற வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பேரிங்கில் துரு ஏறும்.

சரி, மாற்றும்போது எதை ஊற்றுவது? தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய பட்டறைகளில் கியர் ஆயில் என்றாலே நைன்ட்டி ஆயில்தான். "கெட்டியா ஊத்துங்கண்ணே, சத்தம் அடங்கிடும்" என்ற பேச்சைக் கோவையிலும் கேட்கலாம், மதுரையிலும் கேட்கலாம். கொல்கத்தாவில் அண்ணனுக்குப் பதில் தாதா. கேட்பது அதே கெட்டி ஆயில்தான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கொல்கத்தாவுக்கு வடக்கே உத்தர்பாராவில் 2014 மே வரை அம்பாசிடரைச் செய்தது. இந்த ஊர் மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறையே அம்பாசிடரில் தொழில் கற்றது. அதன் மூல வண்டி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இன்ஜின் முன்னால், உந்துவிசை பின்சக்கரத்துக்கு. பின்னச்சில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடியே சுழலும். ஹைப்பாய்டு என்ற இந்த அமைப்பில் பற்களுக்கு நடுவே விழும் அழுத்தம் மிகக் கடுமையானது; சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5 ரக ஆயில் உருவானது. பின்னச்சுக்கு அது உயிர்; அந்தப் பழக்கமே கியர்பாக்ஸுக்கும் ஒட்டிக்கொண்டது.

கியர்பாக்ஸின் கதை வேறு. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது வேறு வேறு வேகத்தில் சுழலும் பகுதிகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சின்க்ரோ ரிங் என்ற சிறு பித்தளை வளையம். அதன் உட்புறத்தில் திருகாணியின் மரை போல மெல்லிய கோடுகள் இருக்கும். அவை ஆயில் படலத்தை அறுத்து, எதிரே உள்ள எஃகுக் கூம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க உராய்வு வேண்டும். அதாவது இந்த ஆயில் பற்களை வழுக்கவிட வேண்டும், வளையத்தை வழுக்கவிடக் கூடாது. கியர்பாக்ஸுக்கு ஆயில் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஜிஎல்-5 ஆயிலில் அழுத்தம் தாங்கும் சேர்மானம், கியர்பாக்ஸுக்கு ஏற்ற ஜிஎல்-4 ரகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சூடேறும்போது அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். இன்றைய தரமான ஜிஎல்-5 ஆயில்களில் இந்த அரிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மை. ஆனாலும் வளையம் வழுக்கும் சிக்கல் தீரவில்லை. கியர் விழ நேரமாகும், கரகரவென்று சத்தம் வரும், பழி கிளட்ச் மேல் விழும். மாருதி 800 தொடங்கி இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கிறது. முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது. டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே இருந்தாலும் அங்கே ஹைப்பாய்டு கிடையாது, சாய்பல் சக்கரங்கள்தான். ஜிஎல்-4 தாராளமாகப் போதும். அம்பாசிடருக்கு உறவான பிரிட்டிஷ் எம்ஜிபி காரிலேயே பின்னச்சுக்குத்தான் 90. கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொன்னார்கள்.

அடுத்தது டின்னில் இருக்கும் எண். 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 என்றெல்லாம் இருக்கும். முதல் எண் குளிருக்கானது. 75டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 40 டிகிரியில். ஜனவரி அதிகாலையில்கூட 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான கொல்கத்தாவில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது எண்தான் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது. கியர் ஆயிலின் 90, இன்ஜின் ஆயிலின் 40, 50 அளவுக் கெட்டிதான்; இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். வெயில் ஊர் என்பதற்காக 80 கேட்கும் கியர்பாக்ஸில் 140-ஐ ஊற்றுவது தவறு. ஒலி கொஞ்சம் அடங்கும். ஆனால் வளையம் அந்தக் கெட்டிப் படலத்தை அறுக்கத் திணறும். தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை ஆயிலால் மறைப்பதை நான் பழுது பார்ப்பதாகவே கருதவில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. போர்க்-வார்னர் டி-5 கியர்பாக்ஸ், மேனுவலாக இருந்தும், ஆட்டோமேட்டிக் வண்டியின் ஏடிஎஃப் திரவத்தைக் கேட்கும். ஹோண்டா தன் மேனுவல் கார்களுக்கென்றே தனித் திரவம் வைத்திருக்கிறது. எனவே எந்தப் பட்டறை அனுபவத்துக்கும் மேலே வைக்க வேண்டியது காரோடு வந்த கையேட்டைத்தான். அது ஜிஎல்-5 என்று சொன்னால் ஜிஎல்-5-ஐயே ஊற்றுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே உள்ள டிரெயின் பிளக்கில் கை வைக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க வராமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். காந்தம் வைத்த பிளக்கில் கருஞ்சாந்து போல மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை. வடிந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன் துகள்கள் மினுமினுத்தால் தேய்வது சின்க்ரோ வளையம். சமதரையில் நிறுத்தி, பெரும்பாலான வண்டிகளில் ஃபில்லர் வாயில் ஆயில் கசியும்வரை ஊற்றினால் அளவு சரி. சின்னக் கார்களுக்கு 2 லிட்டரை ஒட்டித்தான் ஆகும்.

கொல்கத்தா மல்லிக் பஜாரில் வாங்கினாலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் சீல் உடையாத டின்னை வாங்குங்கள். ஜிஎல் எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டோ சென்னையின் வேளச்சேரியோ, மழை நீரில் வண்டி நின்றிருந்தால் பட்டறையில் இன்ஜின் ஆயிலோடு கியர் ஆயிலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை.